அஸ்பாரகஸ் பொரியலும் என் கணவரின் மாத்திரையும்

இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ரத்தம் உறையாமலிருக்க என் கணவர் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். அவர் உடம்பு தேறட்டும் என்று அஸ்பாரகஸ் என்னும் தண்டுக்காயைச் சமைக்கத் தொடங்கினேன். சிங்கப்பூரில் எங்கள் செங்காங் வட்டாரப் பேரங்காடியில் பச்சை, வெள்ளை, சில நாள் ஊதாகூடக் கிடைக்கும். அவருக்குப் பச்சைதான் பிடித்தது. தேங்காய்ப்பூ தூவிப் பொரியல் செய்தால் தட்டு காலியாகிவிடும்.

வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, முடிவைப் பார்த்த தாதியின் முகம் மாறியது.

"அங்கிள், மாத்திரைய விட்டுட்டீங்களா? ரத்தம் கட்டிக்கிற அளவுக்கு இருக்கு."

"ஒருநாளும் விடல லா," என்றார் அவர்.

"சாப்பாட்டுல ஏதாச்சும் மாத்தினீங்களா?"

"தினமும் பச்சை அஸ்பாரகஸ் குடுக்கிறேன். ஒரு முழுக் கட்டு," என்றேன் பெருமையாக.

"அதுல வைட்டமின் கே இருக்கு, ஆன்ட்டி. திடீர்னு நிறைய சாப்பிட்டா இந்த மாத்திரையோட வேகம் குறைஞ்சிடும்."

நல்லவேளையாக, மருத்துவர் உடனே மருந்தின் அளவைச் சரிசெய்தார். "நல்ல காய்தான், நிறுத்த வேணாம். அளவா, வாராவாரம் ஒரே மாதிரி குடுங்க," என்றார். அடுத்த பரிசோதனையில் எல்லாம் சீராகிவிட்டது.

இப்போதும் பொரியல் உண்டு, அளவோடு. சத்தானது என்று யார் எதைச் சொன்னாலும், அவர் மாத்திரைக்கு ஒத்துப்போகுமா என்று மருந்தாளரிடம் கேட்ட பிறகே அடுப்பைப் பற்றவைக்கிறேன்.