பித்தளைக் கொத்தில் ஒரு மணி பிளாண்ட்

கலவரத்தில் அப்பாவின் அரிசிக் கடை எரிந்த பிறகு, நாங்கள் பலாபத்வலையில் ரோட்டோரம் செடி விற்றோம். விற்றோம் என்பது ஒரு பேச்சுக்குத்தான். அம்மா பதியம் வைப்பார், தண்ணீர் ஊற்றுவார், போகிறவர்களைச் சிங்களத்தில் கூப்பிடுவார். நான் இலைகளில் படிந்த லொறிப் புழுதியைத் துடைப்பேன். அப்பா உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

வாங்க வருகிறவர்களின் மனதைப் புரிந்துகொள்வதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அநுராதபுரம் போய்த் திரும்பும் பஸ்காரர்கள் பூத்த அந்தூரியத்தைத்தான் கேட்பார்கள், மொட்டை நம்ப மாட்டார்கள். கார்க்காரர்களுக்கு வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே வளர்கிற செடி வேண்டும். அதுவும் இருந்தது. ஆனால் அது பழைய பால்மா டின்னில் நிற்பதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவார்கள். நல்ல சட்டிக்கு நாங்கள் எங்கே போவது?

ஒருநாள் அம்மா சலித்துப்போய், எரிந்த கடையிலிருந்து மிஞ்சிய ஒரே சாமானை எடுத்து வந்தார். அது அரிசி அளக்கிற பித்தளைக் கொத்து. மறுபடி கடை திறக்கும்போது வேண்டும் என்று அப்பா கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்து, மண் நிரப்பி, மணி பிளாண்ட் நட்டு முன்னால் வைத்தார். விற்பதற்கில்லை, வண்டிகளை நிறுத்துவதற்கு மட்டும்.

வண்டி நின்றது. இறங்கிய கொழும்புப் பெண்மணி, பணக்கார நோனா, வேறு எதையும் பார்க்கவில்லை. விற்பதற்கில்லை என்று அம்மா சொல்லச் சொல்ல, அவரே விலையை ஏற்றிக்கொண்டு போனார். பிறகு கொத்தைத் தூக்கி அடியைத் தடவினார். தண்ணீர் வடிய ஓட்டை இல்லையே, வேர் அழுகிவிடும், ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தால் இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அம்மா கொத்தைத் திரும்பக் கையில் வாங்கிக்கொண்டார். அப்போது அப்பா வெளியே வந்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவரை வெயிலில் பார்க்கிறேன். கையில் சுத்தியலும் ஆணியும் இருந்தன.

"குடு இங்க."

"வேணாங்க. கடைக்கு வேணும்னு சொன்னீங்களே."

"எந்தக் கடைக்கு?"

செடியை மண்ணோடு எடுத்து என் கையில் கொடுத்தார். கொத்தைக் கல்லின் மேல் கவிழ்த்து, நடுவில் ஆணியை வைத்து அடித்தார். பழைய பித்தளை லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. அடித்து முடித்ததும் அதைத் தூக்கி, ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தார். பிறகு அவரே செடியை நட்டுக் காரில் ஏற்றினார்.

கார் போன பிறகும் அம்மா சிந்திய மண்ணை அள்ளாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அப்பா எழுந்து வந்துவிட்டார், வேலைகூடச் செய்துவிட்டார், இதற்குச் சந்தோஷப்படாமல் இவர் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார்? அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில், அப்பாவுக்குச் சுகமாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்தக் கொத்தில் இனி அரிசி நிற்காது என்பது எனக்குத் தோன்றவேயில்லை. வேர் அழுகாது, செடி பிழைத்துக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன்.