புனே விமானத்துக்கு யாரும் கூப்பிடவில்லை

என் வீட்டுக்காரர் புனேவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் ஃபிட்டர் அவர். புனேவில் மெஷின் மாட்டப் போன இடத்தில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சர்க்கரையும் பிரஷரும் இருப்பதால் மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்து என்று டாக்டர் சொன்னாராம். மாலை நாலு மணிக்கு ஆபரேஷன். அதற்குள் போய் அவர் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

காலை விமானத்துக்குக் கம்பெனியே டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. மணவாள நகரில் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தலைக்கு மேலே பார்த்ததைத் தவிர விமானத்துக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. கொழுந்தன் விமான நிலைய வாசல்வரை வந்தார். டிக்கெட் இல்லாதவரை உள்ளே விடமாட்டார்களாம்.

"பயப்படாம போங்க அண்ணி. கேட் நம்பர் பாத்து குந்திக்கினா போதும், அவ்ளோதான்" என்றார். வெளியே நிற்கிறவருக்கு என்ன, எல்லாம் அவ்ளோதான்.

வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் ஆதாரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதில் இருப்பது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சோதனை செய்த பெண்ணின் கையிலிருந்த கருவி என் தாலிக்குப் பக்கத்தில் கீச்சென்று கத்தியது. கழற்றச் சொல்லிவிடுவாளோ என்று தாலியைக் கையால் பொத்திக்கொண்டேன். இன்றைக்கென்று பார்த்தா அதைக் கழற்றுவது? நல்லவேளை, போங்க என்று கையைக் காட்டிவிட்டாள்.

கேட்டைக் கண்டுபிடித்து உட்கார்ந்தேன். பதினெட்டு வருஷமாகத் திருவள்ளூர் லோக்கலில் தையல் கம்பெனிக்குப் போய்வருகிறவள் நான். எந்த வண்டி, எந்த பிளாட்பாரம் என்று மைக்கில் சொல்வதைக் காது கேட்டுக்கொள்ளும், கண் பாட்டுக்கு மூடியிருக்கும். அதே பழக்கத்தில் இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு, அவர் பிழைக்க வேண்டுமென்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தேன். கூப்பிடுவார்கள், எழுந்து போகலாம் என்றிருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் யாருமில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, எங்க போவணும்?"

"புனே. இன்னும் கூப்புடலியேம்மா."

"இங்க யாரும் கூப்புட மாட்டாங்கக்கா. அந்த டிவில போட்டுக்குனே இருப்பாங்க, நாமதான் பாக்கணும்."

எழுத்துக்கூட்டிப் படித்தேன். புனேவுக்கு நேராக வேறு கேட் நம்பர். பக்கத்தில் சிவப்பு எழுத்தில் கடைசி அழைப்பு. என் உயிர் என்னிடத்தில் இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கோட்டு போட்டவர்களையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். பாவி, சாகக் கிடக்கிற மனுஷனை விட்டுவிட்டுத் தூங்கினாயே என்று என்னையே திட்டிக்கொண்டு ஓடினேன். கதவை மூடப்போனவர் காலில் விழாத குறைதான். உள்ளே விட்டார்.

சீட்டில் உட்கார்ந்ததும் போனை அணைக்கச் சொன்னார்கள். அதுவரை பட்ட பயம் ஒரு பயமே இல்லை. இனி அவருக்கு ஏதாவது ஆனால்கூட எனக்குத் தெரியாது. புனே போய்ச் சேரும்வரை அந்தச் செத்த போனை மடியிலிருந்து கீழே வைக்கவில்லை.

இறங்கும்போதே உயிர்ப்பித்தேன். உடனே அடித்தது. அவரேதான்.

"எங்க கீற? நீ வராம ஆபரேஷனுக்கு உள்ள போவ மாட்டேன்னு சொல்லிட்டேன்." பிறகு மெதுவாக, "எனக்கு பயமா கீது" என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை.

"இன்னாத்துக்குய்யா பயம்? ஏரோபிளேன்ல தன்னந்தனியா வந்துக்கீறேன், நான் பயந்தேனா?" என்றேன், கழற்றிய செருப்பை இன்னும் காலில் போடாமலே.