டிசீஸ்டு: ஓர் ஒலி, இரு சொற்கள்

ஐயா, அம்மையீர்,

ஆங்கிலத்தில் ஒலியாலோ உருவாலோ ஒத்துத் தோன்றும் சொற்களைப் பிரித்தறிவது பள்ளிப் பிள்ளைகளின் கவலை என்று கருதுவோர் உண்டு. அக்கருத்தை நான் ஏற்பதில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்மணியின் குங்குமம் அத்தகைய ஒரு சொல்லைப் பொறுத்து நின்ற நாள் ஒன்று உண்டு.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பயின்றவன் அல்லன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் புவனகிரியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். ஆங்கிலத்தை அகராதியின் துணைகொண்டு நானே கற்றேன். ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிப் படிப்பது நம்மவர் வழக்கம். அப்படி எழுதும்போது அங்கே இரண்டாக இருப்பவை இங்கே ஒன்றாகிவிடும். எங்கள் கடையில் ‘ஃபிக்ஸட் பிரைஸ்’ என்று தமிழில் எழுதிய பலகை தொங்கியது. பேரம் கிடையாது என்பது அதன் பொருள். குமராட்சிப் பக்கத்து விவசாயி ஒருவர், வேட்டி வாங்கிய பிறகும் நகராமல் நின்றார்.

“என்னா பெரியவரே, இன்னும் ஏதாச்சும் வேணுமா?” என்றார் முதலாளி.

“பிரைஸு உண்டுன்னு போர்டு போட்டுருக்கீங்க. எனக்கு என்னா வுழுந்திருக்கு, அதக் குடுங்க, போறேன்.”

விலையைக் குறிக்கும் சொல்லும் பரிசைக் குறிக்கும் சொல்லும் நம் வாயில் ஒன்றே. முதலாளி சிரித்துக்கொண்டு ஒரு கைக்குட்டையைக் கொடுத்தனுப்பினார். அன்று முதல் நான் ஒரு சொல்லைக் கற்றால் அதற்கு இரட்டை உண்டா என்று தேடாமல் விடுவதில்லை. பிரின்சிபல் என்பது கல்லூரித் தலைவரா, கொள்கையா? ஸ்டேஷனரி என்பது காகிதமா, அசையாமல் நிற்பதா? எழுத்தைக் கேட்காமல் எதையும் நம்பலாகாது என்பது என் முடிவு.

என் மாமனார் வீடு எங்கள் கடைக்கு அடுத்த தெருவில் இருந்தது. இருமல் முற்றியதால் அவரைக் கடலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அவருடைய ஒரே மகன், என் மைத்துனர், சிதம்பரத்தில் வக்கீல் குமாஸ்தா. ஒரு நாள் முற்பகலில் அவர் சிதம்பரம் பேருந்திலிருந்து இறங்கி, நேரே கடைக்குள் வந்து, துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“மாமா, அப்பா போயிட்டாரு மாமா.”

வக்கீலின் அறையிலிருந்து கடலூருக்கு டிரங்க் கால் போட்டிருக்கிறார். பேசியவர் தமிழ் அறியாத வெளிமாநில மருத்துவர்.

“அவுரு என்னா சொன்னாரு? அந்த வார்த்தையவே சொல்லுங்க மச்சான்” என்றேன்.

“ஒரே எரைச்சல். மூணு வார்த்ததான் காதுல வுழுந்துச்சி. லெஃப்ட்னாரு, லாங்னாரு, டிசீஸ்டுன்னாரு. அதோட லைன் கட்டாயிடுச்சி. டிசீஸ்டுன்னா எனக்குத் தெரியாதா? வாரிசு வழக்குல செத்தவரு பேருக்கு முன்னால அதத்தான போடுறோம்? ‘டிசீஸ்டு லெஃப்ட் டூ சன்ஸ்’னு எழுதி எழுதியே கையி தேஞ்சிபோச்சி. நம்மள வுட்டுட்டுப் போயி ரொம்ப நேரமாச்சின்னு சொல்லிட்டாரு மாமா.”

சொல்லி முடித்து, வீட்டுக்குப் போக எழுந்தார். நான் அவர் கையைப் பற்றி நிறுத்தினேன். வீட்டில் என் மாமியார் இருந்தார். அச்செய்தி வாசற்படி ஏறினால் ஒப்பாரி எழும், உறவினர் திரள்வர். கணவன் உயிருடன் இருக்கையில் ஒரு பெண் குங்குமத்தை அழித்துத் தலைவிரித்து அழுதுவிட்டால், பிறகு எந்த விளக்கத்தாலும் அதைச் சரிசெய்ய இயலாது.

“ஒங்க கோர்ட்டுத் தாள்ல டிசீஸ்டு மொதல்ல வரும், லெஃப்ட் பின்னால வரும். இவரு லெஃப்ட்ட மொதல்ல சொல்லியிருக்காரு. லெஃப்ட்டுன்னா எடதுன்னும் அர்த்தம். அது லாங்கு இல்ல மச்சான், லங்கு. எடது நொரையீரலு.”

“அப்ப டிசீஸ்டு?”

“நோவு புடிச்சதுக்கும் நம்ம காதுக்கு அதே சத்தந்தான். எழுத்துதான் வேற.”

“இத்தினி வருசமா எழுதுறேன், அந்த வார்த்தையப் பாத்ததே இல்லியே!”

“எப்படிப் பாப்பீங்க? ஒங்க வாரிசு வழக்குக்குச் செத்தப்புறந்தான ஆளுங்க வராங்க? நோவோட எவன் வரான்?”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “தப்பாப்போனா? தெரிஞ்சும் ஏன்டா சொல்லலன்னு அம்மா காறித் துப்பும்.”

“பழி எம்மேல இருக்கட்டும். கண்ணால பாத்துட்டு அப்பறம் சொல்லுவோம்.”

கடைப் பையன் வழியாக, நாங்கள் இருவரும் மாமனாரைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் வீட்டுக்குச் சொல்லியனுப்பினேன். கடலூர்ப் பேருந்து ஆலப்பாக்கம் தாண்டியதும் மைத்துனர், “லங்குதானே மாமா?” என்று ஒரு முறை கேட்டார். “லங்குதான்” என்றேன். எனக்கு அதில் ஐயம் இருக்கவில்லை. ஆயினும் மருத்துவமனைப் படியில் மைத்துனரை முன்னே ஏறவிட்டேன் என்பதை மறைப்பதற்கில்லை.

மாமனார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே கஞ்சிக் குவளை இருந்தது.

“வாங்க மாப்ள. இவன் ஏன் அழுதுகிட்டு வரான்? இந்தக் கஞ்சியில ஒரு கல்லு உப்புப் போட மாட்டேங்கிறானுங்க. அழுவுறதுன்னா அதுக்கு அழுவச் சொல்லுங்க.”

இடது நுரையீரலில் நோய் என்றும், மருந்தால் குணமாகும் என்றும் அம்மருத்துவர் அன்று மாலை விளக்கினார். அச்சொல்லை எழுத்துக் கூட்டிச் சொல்லுமாறு கேட்டேன். சொன்னார். நான் கருதிய எழுத்துகளே வந்தன.

மறுநாள் மாமியாரை அழைத்து வந்தோம். அவர் நெற்றி நிறையக் குங்குமமும் தலையில் கதம்பமுமாக வந்து, கட்டிலின் கால்மாட்டில் அமர்ந்து, உப்பு விஷயமாகக் கணவரைக் கடிந்துகொண்டார். அந்த நெற்றியைப் பார்க்க இயலாமல் மைத்துனர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். “இவனுக்கு என்னா வந்துச்சி?” என்று மாமியார் கேட்டார். நாங்கள் சொல்லவில்லை, அவர் வாழ்ந்த காலம் முழுவதும் சொல்லவில்லை. இப்போது மாமனார், மாமியார் இருவருமே இல்லை, ஆகவே எழுதினேன்.

இத்தாள்களைப் பழைய காகிதத்தோடு போட்டுவிடாமல் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.