மூணு பீப்பாவுக்கும் ஒரே சிரட்டை வரி!

அன்னைக்கு சுங்கைப் பட்டாணி பாசார் வாசல்ல...

எங்கம்மா ஜப்பான்காரன்கிட்ட வரிக்கு நியாயம் கேட்டாங்க!

(இங்க எல்லாரும் விற்பனை வரியைப் பத்தி சண்டை போடுறீங்களே, அதான் நானும் டைப் பண்றேன். வயசு தொண்ணூத்தி மூணு. எழுத்துப் பிழைக்குத் திட்டாதீங்கலா!)

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். எனக்குப் பதினொரு வயசு.

அப்பாவை சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டு போயிட்டாங்க. சிடாம் கிரி பக்கம் எங்க தோட்டத்துல ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிற வேலையும் நின்னு போச்சி.

அம்மா தேங்காய் எண்ணெய் காய்ச்சி, பாசார்ல கொடுத்து அரிசி வாங்குவாங்க. வாரம் முழுக்கக் காய்ச்சினாலும் ஒரு போத்தல்தான் தேறும்.

பாசார் வாசல்ல வரி. எண்ணெய் விக்க யார் வந்தாலும் ஆளுக்கு ஒரு சிரட்டை எண்ணெய் கொடுத்துடணும்.

எங்க போத்தல்ல அதுவே பாதி!

அன்னைக்கு வரிசையில எங்களுக்கு முன்னால ஒரு தவுக்கே, சீன முதலாளி. மாட்டு வண்டியில மூணு பீப்பா எண்ணெய். அவரும் ஒரே ஒரு சிரட்டை ஊத்திட்டுக் கிளம்பிட்டாரு.

அம்மாவுக்குப் பொறுக்கல. எண்ணெய் அளந்து கணக்கு எழுதுற கிராணி நம்ம தமிழ் ஆளு.

"அண்ணே, மூணு பீப்பாவுக்கும் ஒரு சிரட்டை, என் ஒரு போத்தலுக்கும் ஒரு சிரட்டையா? கொண்டு வர்றதைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்க!"

"வாயை மூடு தங்கச்சி. அவன் பார்க்கிறான்."

"நீங்க சொல்லுங்கண்ணே!"

துப்பாக்கியோட நின்ன ஜப்பான் சிப்பாய் வந்தான். ஒண்ணும் கேக்கல. விட்டான் ஒரு அறை!

அம்மா மண்ணுல விழுந்துட்டாங்க. போத்தலை மட்டும் விடல.

எனக்கு அழுகைகூட வரல.

"இவ என்ன சொல்றா?"ன்னு அரைகுறை மலாய்ல கிராணியைக் கேட்டான்.

கிராணி நினைச்சிருந்தா எதையாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாம். சமாளிக்கல.

"துவான், பீப்பாவுல நிறைய எடுக்கணுமாம். போத்தல்ல கொஞ்சமா எடுக்கணுமாம்."

சிப்பாய் அந்த மூணு பீப்பாவையும் பார்த்தான்.

சிரிச்சான்!

வண்டியை நிறுத்தி, பீப்பாவுக்குப் பத்து சிரட்டை எடுக்கச் சொன்னான். அம்மாகிட்ட ஒரு கரண்டிதான். (நியாயம் புரிஞ்சி இல்லலா. பீப்பாவுல அதிகம் கிடைக்கும்னு புரிஞ்சி!)

அடுத்த வாரத்துல இருந்து போத்தல் கொண்டு வந்த எல்லாருக்கும் கரண்டி அளவுதான்.

அறை வாங்கின காது மட்டும் அம்மாவுக்கு அதோட கேக்காமப் போச்சி.

எனக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சி ஒரு நாள் கேட்டேன்: "ஏம்மா, அன்னைக்குப் பேசாம இருந்திருக்கலாமேன்னு தோணினதே இல்லையா?"

அம்மா தலையைத் திருப்பினாங்க.

"என்னடி கேக்கிற? இந்தப் பக்கமா வந்து சொல்லு!"