விளையாட்டுப் பீரியடில் கணக்கு

நார்வேயில் மழை பெய்தால் பள்ளிப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். பனி கொட்டினாலும் அதே கதைதான். வந்த புதிதில் இதைப் பார்த்துப் பதறிப்போய், மகள் யாழினிக்குக் குடை எடுத்துக்கொண்டு ஓடினேன். சேற்றில் புரண்டுகொண்டிருந்தவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. பக்கத்தில் நின்ற டீச்சர் நான் நீட்டிய குடையைப் பார்த்து, "எனக்கா? ரொம்ப நன்றி, என்னிடம் மழைக்கோட்டு இருக்கிறது" என்றார். பிள்ளைக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சிரித்து மழுப்பிவிட்டுத் திரும்பினேன்.

கள்ளக்குறிச்சியில் நான் படித்த பள்ளியின் கால அட்டவணையிலும் பி.டி. பீரியட் உண்டு. அந்த நேரத்துக்குச் சரியாகக் கணக்கு வாத்தியார் சாக்பீஸோடு உள்ளே வருவார். "போர்ஷன் முடியல, நோட்ட எடுங்க" என்பார். மைதானத்தில் பள்ளிப் பேருந்துகள் ஓய்வெடுக்கும். பந்துகள் காற்றிறங்கி, தலைமையாசிரியர் அறை பீரோவில் பத்திரமாக இருக்கும். ஆண்டு விழாவில் மட்டும் உடல்நலம் பற்றிப் பேச்சுப்போட்டி நடத்துவார்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே மனப்பாடம் செய்தவளுக்கு முதல் பரிசு. இங்கே நார்வேக்கு வந்த நம்மவர்கள் மட்டும் திருந்திவிட்டார்களா என்ன? சனிக்கிழமை வெயில் எட்டிப் பார்த்தால் ஊரே ஏரிக்கரையில் இருக்கும். நம் பிள்ளைகளோ யாரோ ஒருவர் வீட்டில் அபாகஸ் மணிகளை நகர்த்திக்கொண்டிருக்கும். விரலுக்காவது பயிற்சி கிடைக்கிறதே என்று தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

போன விடுமுறைக்கு மணலூர்பேட்டையில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகள் கயலுக்கும் யாழினி வயதுதான், பத்து. இப்போதே டாக்டர் சீட்டுக்கான கோச்சிங்கில் சேர்த்திருக்கிறான். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் அவளுக்கு வயிற்றுவலி. ஸ்கேனில் ஒன்றுமில்லையாம். ஒன்றுமில்லை என்றதும் தம்பிக்கு நிம்மதி. எனக்கு வயிற்றெரிச்சல். அந்தக் குழந்தை சிரித்து நான் பார்க்கவே இல்லை.

சண்டை போட்டு எல்லோரையும் ஜீப்பில் வெள்ளிமலைக்குக் கூட்டிப்போனேன். வழியில் ஒரு புல்மேட்டைக் கண்டு ஜீப்பை நிறுத்தியதும் யாழினி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மேலே ஓடினாள். கயலையும் ஜீப்பிலிருந்து இறக்கினேன்.

"இன்னாக்கா, இவள ஓட வுட்டுக்கினு? கால்ல அடிபட்டா பரீட்சைய யாரு எழுதுவா?" என்றான் தம்பி ஜீப்பில் இருந்தபடியே.

"ஏன்டா, உன் மவ பரீட்சைய காலாலயா எழுதுறா?" என்றேன். டிரைவர் சிரித்துவிட்டார். தம்பிக்கு முகம் சுண்டிப்போனது.

கயலின் கையைப் பிடித்துப் பாதி மேடுவரை ஏறினேன். அவள் நின்றுவிட்டாள்.

"அத்த, எவ்ளோ நேரம் வெளையாடணும்?"

"உனக்குப் போதும்னு தோணுற வரைக்கும்."

"அது எப்டித் தெரியும்?"

உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். தம்பி மேலிருந்த கோபமெல்லாம் வடிந்து, எனக்கு அழுகை முட்டியது.

மேலேயிருந்து யாழினி "கொம்! கொம்!" என்று நார்வே மொழியில் வரச்சொல்லிக் கத்தினாள். கீழேயிருந்து தம்பி ஹாரன் அடித்தான். "டைமாவுதுக்கா!" கயல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்தாள். இன்னும் பத்து நாளில் விமானம் ஏறிவிடப்போகிற நான், அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடுமேட்டிலேயே நின்றேன்.