ஹெட்லைட்டுக்குள் தண்ணீர், கவுன்டரில் நான்

1. பயிற்சி

காலடிப்பேட்டையில் ஒரு கார் ஆக்சசரீஸ் கடையில் கம்ப்ளெயின்ட் கவுன்டருக்கு என்னை எடுத்தபோது, காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதில் ஏறினால் வயிற்றைப் புரட்டும் என்பது மட்டும்தான். முதலாளி அதைக் குறையாக நினைக்கவில்லை. "கார் தெரியாதா? ரொம்ப நல்லதுமா செல்வி. தெரிஞ்சவன் உண்மைய ஒளறிடுவான்" என்றார். அவரை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றே நானும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

நான் சேர்ந்தது ஐப்பசி மழையில். வண்டியோடு வந்த ஹெட்லைட்டைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, வெளி மார்க்கெட்டில் விற்கும் எல்இடி செட்டை மாட்டிக்கொள்வது எங்கள் பக்கம் பெரிய மோகம். மை தீட்டின கண் மாதிரி சுற்றிலும் வளையம், இண்டிகேட்டர் போட்டால் ஓடும் மஞ்சள் கோடு. மாட்டும்போது அவ்வளவு அழகு. முதல் மழையிலேயே உள்பக்கம் ஆவி படியும். பிறகு சொட்டுச் சொட்டாக இறங்கி அடியில் தேங்கும். முதல் நாள் காலையில் கடைவாசலில் அப்படி ஒரு வரிசை. ஒவ்வொரு லைட்டுக்குள்ளும் நாலு மீனை விட்டால் வளர்ந்திருக்கும்.

நைனா என்னை ஓரமாக அழைத்துப் பயிற்சி கொடுத்தார். "எவனாச்சும் தண்ணின்னு சொன்னா, 'அது தண்ணி இல்ல சார், கண்டன்சேஷன்'னு சொல்லு. தண்ணின்னா ரிப்பேரு. கண்டன்சேஷன்னா சயின்ஸு. சயின்ஸுக்கு நாம இன்னாமா பண்ண முடியும்?"

அவ்வளவுதான் பயிற்சி.

2. விரிவுரையாளர்

அந்த வார்த்தைக்கு இருந்த சக்தியை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர், கன்ஸ்யூமர் கோர்ட், கேஸ் என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தார். நான் வார்த்தையைச் சொன்னேன். மனிதர் அப்படியே நின்றார். முகம் மலர்ந்துவிட்டது.

"கரெக்ட்! ஈரக்காத்து குளுந்த கண்ணாடியில படுதில்லையா, அதான்" என்று தொடங்கியவர், பின்னால் சண்டைக்குக் காத்திருந்தவர்களையும் திருப்பி நிற்கவைத்துப் பாடம் எடுத்தார். பனி ஏன் விழுகிறது, சோடா பாட்டில் ஏன் வியர்க்கிறது என்று எல்லாம் வந்தது. கேட்டவர்களில் பாதிப்பேர் வாயைத் திறக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நைனா அவருக்கு டீ வரவழைத்தார். அவரும் குடித்துவிட்டு, லைட்டில் தண்ணீர் தளும்பத் தளும்பத் திருப்தியாகக் கிளம்பினார்.

"இந்த ஆள தெனம் வரச்சொல்லுமா" என்றார் நைனா.

பாடத்தில் மசியாதவர்களுக்கு வைத்தியம் இருந்தது. முதலில், "வெயில்ல நிறுத்துங்க." அடைமழையில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்டால், ஷூ டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றை உள்ளே போடுவோம். அதுவும் நனைந்து ஊறிய பிறகு, ஃபிட்டர் பாஸ்கர் சிலிக்கான் பசை ட்யூப்போடு வருவான். "சுத்தி அட்ச்சு வுடு. ஒரு ஓட்டை கூட இருக்கக் கூடாது" என்பது நைனாவின் உத்தரவு. பாஸ்கரும் கேக்குக்கு க்ரீம் வைப்பதுபோல அடித்துவிடுவான். அடித்த வண்டிகள்தான் முதலில் திரும்பி வந்தன, முன்பைவிட அதிகத் தண்ணீரோடு.

3. அந்தோணியின் வேன்

அந்தோணி அண்ணன் வேன் ஓட்டுபவர். அத்திப்பட்டு பக்கம் கான்ட்ராக்டில் துப்புரவு வேலைக்குப் போகும் பெண்களை விடியுமுன் ஏற்றிப்போவார். அவர் வேனுக்கும் நாங்கள்தான் எல்இடி மாட்டி, வார்த்தை சொல்லி, சிலிக்கான் அடித்து அனுப்பியிருந்தோம்.

ஒரு சாயங்காலம் நல்ல மழையில் வந்தார். கத்தவில்லை. சாவியை நைனா முன்னால் வைத்தார்.

"இன்னா அந்தோணி?"

"காலைல ரோட்டோரமா ஒரு ட்ரெய்லர், பின்னாடி லைட் இல்லாம நின்னுகினு இருந்துது நைனா. எனுக்குத் தெரியல. கிட்ட போய்த்தான் பிரேக்க மிதிச்சேன். வேன்ல வந்த அமுதாக்காவுக்குத் தோள்பட்டை எலும்பு போச்சு. ஆஸ்பத்திரில கீது."

"அது கண்டன்..." என்று நைனா ஆரம்பித்தார்.

"வா. நீயே ஓட்டு. ரோட்ல இன்னா கீதுன்னு நீயே எனுக்குச் சொல்லு."

பதில் சொல்லவேண்டியது நான்தான் என்று நைனா என்னையும் முன் சீட்டில் ஏற்றினார். அந்தோணி அண்ணன் பின்னால் உட்கார்ந்தார். எண்ணூர் ரோட்டில் ஏறியதும் எனக்குப் புரிந்துவிட்டது. லைட் எரிந்தது. ஆனால் வெளிச்சம் ரோட்டில் விழவில்லை. ஈரத்துணி போர்த்திய பல்ப் மாதிரி வண்டியின் மூக்கிலேயே மினுமினுத்துக்கொண்டிருந்தது. அதற்கப்பால் மழையும் கறுப்பும்தான்.

"இன்னாடா இது, ஒண்ணுமே தெரியல" என்றார் நைனா. ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"லெஃப்ட்ல பாரு நைனா!" என்றார் பின்னாலிருந்து அந்தோணி அண்ணன்.

நான் கத்தியேவிட்டேன். கன்டெய்னர் ட்ரெய்லரின் பின்பக்கக் கம்பி என் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை உரசாத குறையாகப் போனது. நைனா வண்டியை நிறுத்தினார். இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். கடைக்குத் திரும்பும்போது அந்தோணி அண்ணன்தான் ஓட்டினார். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, நனைந்துகொண்டே ஓட்டினார்.

4. ஓட்டை

அன்றே பாஸ்கரிடம் லைட்டைக் கழற்றச் சொன்னார் நைனா. பின்பக்கத்தில் ரப்பர் மூடி போட்ட சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே போகும் ஈரக்காற்று வெளியே வருவதற்கான வழி அது. அதன்மேல் சிலிக்கான் மலைபோல் உறைந்திருந்தது. மேலே முன்கண்ணாடி ஒட்டியிருக்கும் இணைப்பில் எங்கேயோ கசிந்து தண்ணீர் வருகிறது. வெளியே போக வழியில்லை. பழைய பல்பு என்றால் முன்கண்ணாடி சூடாகி ஈரம் காயும். எல்இடியில் அந்தச் சூடு கண்ணாடிக்கு வருவதில்லை.

"ஏன்டா இத்த அடச்ச?"

"நீதானே நைனா ஒரு ஓட்டை கூட இருக்கக் கூடாதுன்ன?"

நைனா பேச்சை மாற்றினார். மறுநாள் முதல் எல்லாக் கம்ப்ளெயின்ட் வண்டிகளையும் திரும்பக் கூப்பிட்டோம். சிலிக்கானைச் சுரண்டி, சூடுகாட்டிப் பிரித்து, உலர்த்தி, இணைப்புக்குப் புதுப் பசை வைத்து, ஓட்டையைத் திறந்துவிட்டோம். கசிவு நிற்காத மலிவு செட்டுகளைக் கழற்றிப்போட்டு, பழைய லைட்டையே மாட்டினோம். நைனா திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். 'மூச்சு விடும் ஹெட்லைட் ஸ்பெஷலிஸ்ட்' என்று வாசலில் போர்டு வைத்தார். அந்த ஓட்டையைத் தானே கண்டுபிடித்ததாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அமுதாக்கா கையைத் துணியால் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஒருநாள் கடைக்கு வந்தார். வாசலில் நின்ற அந்தோணி அண்ணனின் வேன் முன்னால் குனிந்து, லைட்டை உற்றுப் பார்த்தார். நல்ல கையால் முந்தானையை எடுத்து வெளிப்பக்கத்தைத் துடைத்து, மறுபடியும் பார்த்தார்.

"அக்கா, இப்போ சரியாயிடுச்சு" என்றேன்.

"நீ ஏறிப் பாத்தியா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்போ ஏறு. மழைல ஒரு சுத்து போய்ட்டு வந்து சொல்லு."

போய் வந்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அதன்பிறகு முன் சீட்டில் உட்கார்ந்து பார்க்காத எந்த வண்டிக்கும் நான் 'சரியாயிடுச்சு' என்று சொன்னதில்லை. கவுன்டர் வேலைக்கு வருகிறவர்கள் இதை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். மீதியை நைனா சொல்லிக்கொடுத்துவிடுவார், அதை மறந்துவிடுங்கள்.