பழுப்புத் தட்டானுக்கு ஒரு பெயர்

பகல் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்துவிட்டால் மதார் சாகிபுக்குக் கடையில் கால் தரிக்காது. மலேசியாவின் கோல சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை நடத்துகிற மனுஷன், கல்லாவைத் தங்கை மகன் லுக்மானிடம் விட்டுவிட்டு, கேமராவும் கையுமாகச் செம்பனைத் தோட்டத்து வாய்க்காலுக்குக் கிளம்பிவிடுவார். எதற்கு? தட்டான் படம் எடுக்க. ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டுமே.

அங்கே வெயில் ஓலைகளுக்குள் நுழைந்து பச்சையாக இறங்கும். தண்ணீர் அசையாமல் கிடக்கும். கோரை நுனியில் தட்டான் உட்காரும், எழும், ஒரு சுற்றுச் சுற்றி அதே நுனிக்கே திரும்பும். பார்த்துக்கொண்டே இருந்தால் கடையும் வீடும் யாருடையதோ போல எங்கோ தள்ளிப் போய்விடும்.

இரண்டு வருடமாக ஒரு பழுப்புத் தட்டான் அவரைப் படுத்தியெடுத்தது. கையிலிருந்த சின்னப் புத்தகத்தில் அது இல்லை. உலகத்துக்கே புதிது என்று அவரே முடிவுகட்டி, மனைவி மெகராஜ் பேகத்திடம், "இதுக்கு ஒன் பேரத்தான் வைக்கச் சொல்லப்போறேன்" என்று வாக்கும் கொடுத்துவிட்டார். ஆசை யாரை விட்டது.

புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கும், கடைக்குச் சாப்பிட வந்து பழக்கமான நாதியாவுக்குப் படத்தை அனுப்பினார். அவள் போனில் கேட்டாள்: "ஜோடியா இருக்கறப்ப எடுத்தீங்களா அங்கிள்? எதோட சேருதுன்னு பாத்தாத்தான் கன்ஃபர்ம் பண்ண முடியும்லா."

அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டிருந்தார். ஜோடித் தட்டானைக் கண்டால் கேமராவை இறக்கி முகத்தைத் திருப்பிக்கொள்வது அவர் வழக்கம். அடுத்தவர் குடும்ப விஷயமாம்.

மறுநாள் காத்துக் கிடந்தார். தோட்டமெங்கும் திரிகிற சாதாரணச் சிவப்புத் தட்டான் ஒன்று, பழுப்பைப் பிடித்தபடி வந்து புல்லில் வளைந்து உட்கார்ந்தது. "அஸ்தஃபிருல்லாஹ்" என்று படைத்தவனிடம் மன்னிப்புக் கேட்டு முணுமுணுத்துக்கொண்டே கேமராவை அமுக்கினார். படத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. புதிதுமில்லை, ஒன்றுமில்லை. சிவப்பனின் பெண்டாட்டி.

கடைக்குத் திரும்பியவர் நேரே அடுப்படிக்குப் போய் மெகராஜிடம் சொன்னார்.

"ஒனக்குக் குடுத்த வாக்கு போச்சு."

அவள் மாலைக்கான குழம்பைக் கிண்டியபடியே சிரித்தாள். "பேரு கெடக்குது, விடுங்க. ரெண்டு வருஷமா அந்த எடத்தப் பத்தியே பேசுறீங்க. ஒரு நாளாச்சும் என்னைய வான்னு கூப்புட்டீங்களா?"

மதார் சாகிபுக்குக் கூப்பிடத் தோன்றவே இல்லை என்பதுதான் நிஜம், அதை எந்த வாயால் சொல்வது? கை நீட்டி அடுப்பை அணைத்தார்.

"செருப்பப் போடு, போவோம்" என்றார்.